வரிசையில் முதல் குதிரை

“ஒல்லின்னு சொல்ல முடியாது. இடுப்பு முப்பத்தெட்டு இருக்கும். ஆனா உட்கார்ந்திருக்கிற அழகைப் பாரு. ஒரு சுருக்கம் விழாம தைச்ச மாதிரி இருக்கு” என்றாள் டெய்லரக்கா.

குதிரைப் பயிற்சிப் பள்ளியில், லாயத்துக்குப் போகும் வழியில் மூன்று வாரமாக மாட்டியிருந்த பெரிய படத்தைத்தான் சொன்னாள். ‘சரியாக அமரும் முறை’ என்று மேலே எழுதியிருந்தது. பழுப்புக் குதிரையில் போகும் ஒரு பெண்ணைப் பின்பக்கமிருந்து எடுத்த படம். பள்ளியில் எல்லாரும் போடுகிற அதே கறுப்புக் கோட்டு, அதே ஹெல்மெட். ஆனாலும் அவளுக்கு அது என்னமாய்ப் பாந்தமாக இருந்தது.

டெய்லரக்காவின் கண் தப்பாது. இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். வாடிக்கையாளர் படியேறும்போதே டேப் இல்லாமல் அளவைச் சொல்லிவிடுவாள். தன் இடுப்பை மட்டும் நாற்பத்து நான்கு என்று என்றைக்கோ அளந்ததோடு சரி.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, நடப்பது அலுப்பு என்று சின்ன வயது ஆசையான குதிரையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதத்தில் பதினோரு கிலோ போயிருந்தது. எடை மெஷினுக்குக் கோளாறு என்றாள். பேண்ட் நாடாவை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கொண்டாளே தவிர, புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளவில்லை. முதலில் இளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பாள்.

குதிரை என்றால் அவளுக்குத் துளியும் பயமில்லை. பயமெல்லாம் பின்னால் வருகிறவர்களின் கண்ணுக்குத்தான். ஒன்பது பேர் வரிசையாகப் போனால் அவள் குதிரை ஒன்பதாவதாகப் போகும். யாராவது கேமராவைத் தூக்கினால் குதிரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அடுத்த ஞாயிறு பள்ளியின் ஆண்டு விழா. வேலி நெடுக ஆட்கள் நிற்பார்கள். ஒன்பது குதிரைகளும் மைதானத்தைச் சுற்றிவர, வரிசையின் தலையில் டெய்லரக்காதான் போக வேண்டும் என்று பயிற்சியாளர் ஒரு வாரமாக மல்லுக்கு நின்றாள். பயிற்சியாளர் சின்னப் பெண், ஈர்க்குச்சி உடம்பு, பிடிவாதத்தில் குதிரையையே மிஞ்சுவாள். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று கெடு வேறு வைத்திருந்தாள்.

டெய்லரக்காவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. முன்னால் ஒரு தலையும் மறைக்காமல், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிற கனவு இரண்டு முறை வந்துவிட்டது. ஆனால் எட்டுக் குதிரைக்கும் வேலியோரக் கூட்டத்துக்கும் தன் பின்பக்கம் தெரியுமே என்று நினைத்ததும் எல்லாம் புஸ்ஸென்று போயிற்று.

“ஏம்மா, என்னைப் பிடுங்கறதுக்கு இவளையே முன்னால விடேன்” என்று படத்தைக் காட்டினாள்.

“அவங்களைத்தான் அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். வரமாட்டேங்கறாங்க.” பயிற்சியாளர் ஒரு குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளம்பிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“இப்படி ஒரு முதுகை வச்சுக்கிட்டா? கொழுப்புதான்.”

“குண்டா இருக்கோம்னு வெட்கப்படறாங்க அக்கா.”

டெய்லரக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லதை நல்லது என்று ஒத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மங்கள், நாலு பேர் பார்த்தால் தேய்ந்தா போய்விடுவாள் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். திட்டிய வேகத்தில் ஒரு வார்த்தையையும் விட்டாள்.

“அவ முன்னால போறேன்னு ஒத்துக்கட்டும். நானும் மறுபேச்சு இல்லாம நீ சொல்ற இடத்துல போறேன். என் தையல் மெஷின் மேல சத்தியம்.”

பயிற்சியாளர் குதிரையின் காலைக் கீழே விட்டாள். சத்தியம் சத்தியம்தானே, நாளைக்குப் பேச்சு மாறக்கூடாது என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, பட்டியலை எடுத்து எதையோ எழுதினாள். பிறகு சீட்டியடித்துக்கொண்டே குதிரையோடு போய்விட்டாள்.

டெய்லரக்கா கோட்டைக் கழற்றி வைத்து, முகம் கழுவிக்கொண்டு வந்தபோது, அழைத்துப் போக வந்த கணவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்பு. போன வாரமும் இப்படித்தான் நின்றார். அதற்கு முந்தின வாரமும்தான். அப்போதெல்லாம் கண்டும் காணாமல் விட்டவளுக்கு இன்று பொறுக்கவில்லை.

“வாரா வாரம் இங்க நின்னு பல்லைக் காட்டறீங்களே, ஐம்பது வயசாச்சு, வெட்கமா இல்ல?”

“இதுல என்ன வெட்கம்? அழகா இருக்கு, பார்க்கறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. தானே வாய் வலிக்கப் புகழ்ந்த முதுகுதான். ஆனால் தாலி கட்டியவர் புகழ்ந்தால் அது வேறு கணக்கு. எல்லாம் தன் உடம்பு பெருத்துப்போனதால் வந்த வினை என்று தோன்றி, கண்கூடக் கலங்கிவிட்டது.

“எவ முதுகையோ இப்படிப் பார்த்து ரசிக்கிறீங்களே, அவ யாருன்னாவது தெரியுமா உங்களுக்கு?”

கணவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நிஜமாவே உனக்குத் தெரியலையா? கல்யாணமான நாள்லேருந்து கடைத்தெருவுல நீ விறுவிறுன்னு முன்னால போறே, நான் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வரேன். இருபத்திரண்டு வருஷமாப் பார்க்கிற முதுகு எனக்குத் தெரியாதா?”