பீநாறிச்சங்கு

மூக்கைக் கர்சீப்பால் பொத்திக்கொண்டுதான் வந்து நின்றார் பக்கத்து வீட்டு இன்பசேகரன். ரிடையர்டு சூப்பிரண்டு. சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, அதன்மேல் அரை பாட்டில் சென்ட்.

"இன்னாம்மா இது நாத்தம்? ஜன்னலைத் தொறக்க முடியல, வாயில சோறு இறங்கல. கருமம், கருமம்!"

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜஹீதாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்றம் இருந்தது. தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற நாற்றம். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து இன்னும் கேவலமாக வீசியது.

மாதனூரில் யாரைக் கேட்டாலும் காரணம் ஒன்றுதான் சொல்வார்கள். அவள் புருஷன் லியாகத் அலி டேனரியில் பச்சைத் தோல் அலசுகிறவன். அப்புறம் என்ன விசாரணை, தீர்ப்பு எழுதியாச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

கொடுமை என்னவென்றால், ஜஹீதாவும் அதை நம்பினாள். இந்தப் புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனைப் பின்பக்கக் குழாயடியில் குளிக்க வைத்து, லுங்கி மாற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். அவனும் சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்து, தோல் உரிகிற அளவுக்குக் குளித்தான்.

போன வாரம் மகள் மஹீனைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து பையனின் அத்தை வந்திருந்தார். துப்பட்டாவால் மூக்கை மூடியவர் மூடியபடியே இருந்து, டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். இன்று சாயங்காலம் பையனின் அம்மாவே வருகிறார். மஹீனுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

"நான் வீட்ல இருந்தா காரியம் கெட்டுடும்," என்று காலையில் லியாகத் அலியே சொன்னான். "ஓவர்டைம்னு சொல்லிடு. ஆம்பூர்ல தோஸ்த் வீட்ல இருந்துட்டு அவங்க போன பிறகு வர்றேன்."

ஜஹீதா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பெற்ற அப்பனைத் துரத்துகிற பிழைப்பு. தூ!

"உன் புருஷன் ஒரு பக்கம்னா, இந்தச் செடி வேற," என்று வேலியைக் காட்டினார் இன்பசேகரன். "பேரே பீநாறிச்சங்கு! நட்டு வைக்க வேற செடியே கெடைக்கலியா உனக்கு?"

"காம்பவுண்டு கட்ட வசதி இல்ல சார். நான் வேலை செய்ற ஷூ கம்பெனி கேட்டாண்ட வெட்டிப் போட்ட குச்சிங்க. கம்பெனி பஸ்ல தூக்கியாந்து வீட்டைச் சுத்தி நட்டேன். பேருதான் சார் அப்படி. கசக்காம நாறாது."

"கதை விடாத. எங்க வீட்டைப் பாரு. தினம் ரெண்டு வேளை பினாயில். கருவாடு வறுக்க வுட மாட்டேன். வீடு கட்டி இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி கூட செப்டிக் டேங்க் லாரி எங்க வாசல்ல நின்னதில்ல. சுத்தம்னா அது! உங்களுக்கெல்லாம் எங்க தெரியப் போவுது?"

அந்த 'உங்களுக்கெல்லாம்' ஜஹீதாவின் முகத்தில் சுளீரென்று விழுந்தது.

"இப்பவே புடுங்கிப் போடு. இல்லன்னா சாயங்காலம் வர்றவங்க கிட்ட நானே சொல்லுவேன், இந்த வீட்டு நாத்தம் தாங்க முடியலன்னு."

ஆசை ஆசையாக வளர்த்த செடி. ஆனால் மகளைவிடச் செடியா பெரிசு? ஜஹீதா கடப்பாரையை எடுத்து வந்தாள்.

சர்ச் மணி அடித்தது. இன்பசேகரன் நகரவில்லை. அடுத்த வீட்டுச் செடியைப் பிடுங்குவதைப் பார்க்கிற சுகம் பிரசங்கத்தில் கிடைக்குமா?

"எங்க வீட்டுச் சுவத்துப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி. அங்கேர்ந்துதான் மூக்கைத் தொளைக்குது."

மற்ற பக்கங்களில் செடி இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. அவர் வீட்டுப் பூசாத செங்கல் சுவரை மறைக்க நட்டது மட்டும் ஆள் உயரத்துக்குக் கருகருவென்று தழைத்திருந்தது. ஜஹீதா அதன் அடியில் கடப்பாரையை ஓங்கி இறக்கினாள்.

மண் பொத்தென்று உள்வாங்கியது. கறுப்பாகத் தண்ணீர் கொப்பளித்து வந்து அவள் பாதத்தை நனைத்தது. சீச்சீ! வாசலில் நின்ற மஹீன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இன்பசேகரன் ரெண்டடி பின்னால் போனார். ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"பாத்தியா? பாத்தியா? இந்தப் பக்கம் மட்டும் குடம் குடமா ஊத்தி வேரையே அழுக வுட்டிருக்க! சொன்னேனா இல்லியா?"

ஜஹீதா குனிந்து பார்த்தாள். தண்ணீர் அவர் வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஆம்பூருக்குக் கிளம்பி, கையில் பையோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் திரும்பினாள்.

"பையை உள்ள வைங்க. நீங்க எங்கயும் போவ வேணாம்."

பிறகு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு இன்பசேகரனைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்தப் பக்கம் நான் தண்ணியே ஊத்தறதில்ல சார்."