மாடிவீட்டிலிருந்து இறக்கப்பட்டவர்

பிப்ரவரி 3, காலை ஆறு நாற்பது. பட்டியலில் நாற்பத்தெட்டுப் பேர். அதில் ஒரு பெயரை மட்டும் ஸ்கேல் சிவப்பு மையால் அடித்தார். அது மாப்பிள்ளையின் பெயர்.

விமானப் பராமரிப்புக் கூடத்தின் தலைமைப் பொறியாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் ஸ்கேல். கோடு போட்ட மாதிரி நடப்பவர். மாப்பிள்ளை அவருடைய தங்கை கணவர். ஒருநாள் வாய் தவறி ஸ்கேல் அப்படிக் கூப்பிட, அன்றிலிருந்து கூடம் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

குற்றம் ஒரே வரிதான். சக்கரச் சோதனை அட்டையில், வேலை முடியும் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"எல்லாரும் செய்யறதுதானே மச்சான்? கையில கிரீஸ் ஆனா அட்டை பாழாயிடும்னு முதல்லயே கையெழுத்துப் போட்டு வச்சிடுவோம். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"இங்க மச்சான் கிடையாது."

"சரி சார். எல்லாரும் செய்யறதுதானே சார்?"

"மாட்டினது நீங்க. நாளையிலேர்ந்து மூணாவது கூடம். சின்ன விமானம்."

மாப்பிள்ளை தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மாடிவீடு என்பது கம்பெனியிடம் இருந்த ஆறு ராட்சத விமானங்களுக்குச் செல்லப் பெயர். இரண்டு தளம், ஐந்நூறு இருக்கை. வால் இடிக்கிறதென்று கூடத்தின் கதவையே மேலே வெட்டி வைத்திருந்தார்கள். அந்த ஆறுக்கென்றே தனி லைசென்ஸ் வாங்கிய நாற்பத்தெட்டுப் பேர். சின்ன விமானக்காரர்களைப் பார்த்தால் பாதி வணக்கம்தான் வைப்பார்கள்.

மறுநாள் மூன்றாவது கூடத்தில் அந்தப் பாக்கி தீர்க்கப்பட்டது.

"என்ன மாப்பிள்ளை, மாடியிலேர்ந்து தரைக்கு வந்தாச்சா? பாத்துங்க, இங்க தலை இடிக்கும்."

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனார் ஸ்கேல். அவள் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"மூணு வருஷம் சரியாத் தூங்காமப் படிச்சு வாங்கின லைசென்ஸ்ணா. இப்ப நாற்பத்தாறு வயசுல மறுபடி பரீட்சை எழுதணுமாம். அவர் உனக்கு என்ன கெடுதல் பண்ணினார்?"

"கையெழுத்து தப்பு."

"ஊர்ல நல்ல பேர் வாங்க உனக்கு என் புருஷன்தான் கிடைச்சாரா?"

"அப்படியில்ல..."

"பின்ன எப்படி? சொல்லு."

ஸ்கேல் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே இங்க வராதே அண்ணா."

கழற்றிய ஒரு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மாடிவீட்டுக் கூடத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. டீ நேரத்தில் அதை நடத்துபவர் ரேடியோ. பதினெட்டு வருட மெக்கானிக். வாய் மூடாது என்பதால் அந்தப் பெயர்.

"தங்கச்சி புருஷனையே தூக்கி அடிச்சாரே. மனுஷனா அவர்? தராசு."

"தராசுக்காவது ரெண்டு பக்கம் ஆடத் தெரியும்" என்றார் பக்கத்தில் இருந்த பெயின்டர்.

பேச்சு வழக்கம்போல மற்றக் கம்பெனிகளுக்குப் போனது.

"இன்னொரு கம்பெனியும் மாடிவீட்ட நிறுத்திடுச்சாம். எரிபொருள் கட்டுப்படி ஆகலயாம்."

"வாங்கினதே விரல் விட்டு எண்ற கம்பெனிங்கதான். அதுலயும் ஒவ்வொண்ணா கழண்டுக்குது."

"சீட்டை நிரப்பத் தெரியாதவன் நிறுத்தறான்" என்றார் ரேடியோ. "நம்மள்ல போன வாரம் ஒரு சீட் காலி இல்லியே."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் சந்தேகம் இருந்தது. வேறொரு நாட்டுக் கம்பெனி மாடிவீடுகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஆள் கேட்டு, அவருக்கும் கடிதம் வந்திருந்தது. பதில் சொல்ல அன்றுதான் கடைசி நாள். போனால் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். மனைவிக்கு மனமில்லை.

கோப்பையோடு ஸ்கேலின் மேசைக்குப் போனார்.

"சார், ஒரே கேள்வி. நம்மளது தொடர்ந்து பறக்கும்ல?"

ஸ்கேல் தலையைத் தூக்கவில்லை. "எனக்கு என்ன தெரியும்? மேல இருக்கறவங்களக் கேளு."

"உங்க காதுக்கு எதுவும் வரலியா?"

"வரல. போய் வேலையப் பாரு."

ரேடியோ தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணும் இல்லியாம்."

"சொன்னா நம்பிடறதா?" என்றார் பெயின்டர்.

"சொந்தக்காரனுக்கே சலுகை காட்டாத ஆள்ப்பா. நம்மகிட்டயா பொய் சொல்லப் போறார்?"

அன்று மதியமே, வரவில்லை என்று பதில் எழுதிப் போட்டார். ஸ்கேலின் மேசையில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

மார்ச் கடைசியில் மாப்பிள்ளை சின்ன விமானத்துக்கான பரீட்சையில் தேறினார். ஸ்கேல் எதிரே வந்தால் வழியை மாற்றிக்கொண்டார். தங்கை வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

ஏப்ரல் 30 அன்று கம்பெனி ஆறு மாடிவீடுகளையும் நிறுத்தியது. அவற்றில் வேலை பார்த்த நாற்பத்தேழு பேருக்கும் அன்று மாலையே வேலை நீக்கக் கடிதம் வந்தது. மூன்றாவது கூடத்தில் யாருக்கும் வரவில்லை. கடிதத்தின் இரண்டாம் பத்தியில், இந்த முடிவு ஜனவரி 29ஆம் தேதி நடந்த ரகசியக் கூட்டத்தில், தலைமைப் பொறியாளரின் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று இருந்தது.