பிலோமினாவின் பிரஷ்

பல் துலக்கும்போதே வாயைச் சோதித்து மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பும் பிரஷ்கள், ஆண்களுக்கே வாய்ப் புற்றுநோய் அதிகம் என்று ஐம்பது தாண்டிய ஆண்களைக் கூடுதலாகத் துருவின. ஒளித்துப் புகையிலை மெல்லும் செபஸ்தியான், மாட்டிக்கொள்ளாமலிருக்க, தன் பிரஷையும் மனைவி பிலோமினாவின் பிரஷையும் தினமும் இடம் மாற்றி வைத்தார்.

ஒருநாள் மருத்துவமனை நர்ஸ் அவருக்குப் போன் செய்தாள். "பிலோமினா அம்மா வாயில வெள்ளைத் திட்டு இருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க."

செபஸ்தியான் போனை வைத்துவிட்டு மனைவியிடம் ஓடினார். "பிலோ, அது என் வாய்! நான்தான் பிரஷ மாத்தி வச்சேன்."

"தெரியுங்க. நான்தான் தினமும் திரும்ப மாத்தி வச்சேனே."

"அப்போ திட்டு?"

"எனக்குத்தான். நானும் புகையிலை போடுவேன்."

புற்றின் ஆரம்பம்தான் என்று சொல்லி மருத்துவர் திட்டை அகற்றினார். வீடு திரும்பியதும் இருவரும் தங்கள் புகையிலைப் பொட்டலங்களைக் குப்பையில் கொட்டினார்கள். அவளுடைய குவியல்தான் பெரிது.