நிரந்தரப் பகல்

பள்ளிக்கூடத்து முதலுதவி அறையில், கிழிந்த ரெக்ஸின் கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. கணக்கு வகுப்பில் தூங்கி விழுந்து, மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

டார்ச் அடித்துக் கண்மணி இரண்டையும் பார்த்தாகிவிட்டது. பயமில்லை. புடைப்பின் மேல் ஐஸ் பையை வைத்து அழுத்தியபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் உடுப்போடுதான் வந்திருந்தாள். ஜெனரல் வார்டில் பாதிப் பேருக்கு மாத்திரை கொடுத்து முடித்த நேரத்தில் போன் வந்தது. மீதியை உடன் வேலை பார்ப்பவள் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்தாள்.

மடியில் செல்போன். எந்த நிமிடமும் மேட்ரன் கூப்பிடலாம்.

காலையிலேயே மேட்ரன் சொல்லிவிட்டார். இரண்டு இடம் காலி. டயாலிசிஸ் பிரிவில் நிரந்தரப் பகல். ஐசியுவில் நிரந்தர இரவு. நீ சீனியர், உன்னைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவள். மத்தியானத்துக்குள் முடிவைச் சொல், அப்புறம் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தாதே.

யோசிக்க என்ன இருக்கிறது? டயாலிசிஸ் கிடைத்தவளுக்கு உடம்பெல்லாம் மச்சம் என்பார்கள் நர்ஸ்கள். காலையில் ஒரு வரிசை, மதியம் ஒரு வரிசை. நோயாளிகளை மெஷினில் இணைத்து, கழற்றி, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஐசியு அவள் ஆசைப்பட்ட இடம். வென்டிலேட்டர் பயிற்சியெல்லாம் முடித்து வைத்திருந்தாள். ஆசை கிடக்கட்டும். கணவர் இறந்த பிறகு எல்லா ஆசையையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று.

இப்போது படுவது நாய் படாத பாடு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரங்களில் அவளுடைய அக்கா வந்து மகளுக்குத் துணையாகப் படுத்துக்கொள்வாள். சும்மா படுக்க மாட்டாள். ஊரார் தூங்குவதற்கு நீ காவல் இரு, பெற்ற பிள்ளை கண் முழித்துக் கிடக்கட்டும் என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் பாயை விரிப்பாள்.

அக்கா சொன்னது சரிதான். அத்தாட்சி நெற்றியில் புடைத்துக்கொண்டு நின்றது.

போன் வரட்டும். டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டால் இந்தக் கூத்து முடிந்தது.

வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். குறை சொல்லவில்லை. ஆச்சரியம்தான் பட்டார். போன வாரமெல்லாம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிய பெண்ணாம். இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி தூங்கி விழுகிறாளாம். எப்போதும் இப்படித்தானாம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

ஐஸ் பை நழுவியது.

போன வாரம் அம்மாவுக்கு இரவு டியூட்டி. இந்த வாரம் பகல்.

இத்தனை நாளும் காய்ச்சல் சார்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறாள்.

மகளின் இமை அசைந்தது. கண் விழித்து, அம்மாவைப் பார்த்து, எதுவும் நடக்காதது போல ஒரு சிரிப்பு.

பெரியம்மா இருந்தால் வருகிற தூக்கம் அம்மா இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. அதற்குப் பதிலாக நல்ல செய்தியைச் சொன்னாள். ஐசியு வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறேன். இனி எல்லா ராத்திரியும் அம்மா உன் பக்கத்தில்தான்.

மகளின் சிரிப்பு போய்விட்டது. ஐசியுவில் டாக்டர்கள் ராத்திரி முழித்திருப்பார்களா என்று கேட்டாள்.

முழித்திருப்பார்கள். நர்ஸ்களும்தான். அங்கே யாரும் தூங்குவதில்லை.

"அப்ப நீ அங்கயே போம்மா."

போன் அடித்தது. மேட்ரன். எடுத்துக் காதில் வைத்தாள்.

மகள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"பெரியம்மா குறட்டை விடுவாங்க. கேட்டுக்கிட்டே தூங்கிருவேன். நீ சத்தமே இல்லாம தூங்கறம்மா. அடிக்கடி மூக்குகிட்ட விரல் வச்சுப் பாக்கணும். அப்பாவும் அப்படித்தான படுத்திருந்தாரு, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல. நமக்குக் காலையிலதான தெரிஞ்சுது."

சொல்லி முடித்த நிம்மதியில் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

லைனில் இருக்கிறாயா, இல்லை வாயில் கொழுக்கட்டையா, டயாலிசிஸ் என்று போட்டுக்கொள்ளவா என்று மேட்ரன் இரைந்துகொண்டிருந்தார்.

"ஐசியு, மேடம்," என்றாள் அம்மா, கிசுகிசுப்பாக. "நைட்டே போடுங்க."

தண்ணீர் டம்ளரோடு டீச்சர் வாசலில் நின்றிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். புடைத்த நெற்றியோடு பெற்ற பிள்ளை படுத்திருக்க, இரவு வேலையைக் கேட்டு வாங்குகிற தாயை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்.

அம்மாவிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. சத்தம் கேட்டால் மகள் எழுந்துவிடுவாள்.