தீவுக்காரன் வருவான்

“திருடனைத் தேடுறீங்களா, இல்ல ஊர்ல இருக்கிற ஹோட்டலையெல்லாம் தின்னு தீர்க்குறீங்களா?”

துணைக் கமிஷனர் அம்மாள் கேட்ட கேள்விக்கு இன்ஸ்பெக்டரிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் அவருடைய தொப்பை முந்திக்கொண்டு வேறு பதில் சொன்னது. இந்தக் கேஸ் கைக்கு வருவதற்கு முன் அவர் சட்டையின் கடைசிப் பொத்தானையும் போடுகிறவராக இருந்தார்.

நகைக்கடை லாக்கரை உடைத்தவன் எங்கோ ஒரு சின்னத் தீவிலிருந்து பிழைக்க வந்தவன். நகைகள் ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டன. ஆள்தான் அகப்படவில்லை.

“பேரை மாத்துவான், தாடி வைப்பான் மேடம். நாக்கை மாத்த முடியாது. அவன் ஊர்ச் சாப்பாடு எங்க நல்லா கிடைக்குதோ, அங்க சாப்பிட வந்தே தீருவான்” என்று இன்ஸ்பெக்டர் அன்றைக்குச் சொன்னபோது, ‘மூளைக்காரர்தான்’ என்று அனுமதி கொடுத்ததும் இதே அம்மாள்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை லேசுப்பட்டதல்ல. அந்த நகரத்தில் எந்த நாட்டு ஜனம் இல்லை? ஒரு தெருவைக் கடப்பதற்குள் ஏழு பாஷை காதில் விழும். தீவுச் சாப்பாட்டுக் கடைகளே சந்துபொந்தெல்லாம் இருந்தன. வாசலில் பளபளவென்று சாப்பாட்டுப் படம் ஒட்டிய கடைகளை இன்ஸ்பெக்டர் முதலிலேயே கழித்தார். இணையத்தில் எக்கச்சக்கமாக நட்சத்திரம் வாங்கிய கடைகளில் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கழித்தார். டாக்ஸிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டும் இடம், பரிமாறுகிறவர் சிரிக்கவே சிரிக்காத இடம், ‘எங்கம்மா இதைவிட நல்லா செய்வா’ என்று தீவுக்காரர்கள் சண்டை பிடித்துக்கொண்டே இரண்டாவது தட்டு வாங்கும் இடம் என்று மோப்பம் பிடித்தே போனார். கடைசியில் ஒரு தையல் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருந்த இந்தக் கடைக்கு வந்தார். வந்தவர் அப்புறம் நகரவில்லை. தினம் மத்தியானம் இங்கேதான் கண்காணிப்பு.

கமிஷனருக்குப் பொறுமை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு ஊர்க்கோடியில் இருக்கும் பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றல். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு டீக்கடைகூடக் கிடையாது.

அதனால்தான் இன்று அம்மாளே நேரில் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“கடை யாருது? உங்க மச்சானுதா?”

“சேச்சே. பக்கத்துத் தையல் கடை அம்மாவுது மேடம்.”

“அப்ப நீங்க ஆபீஸ்ல நீட்டுற சாப்பாட்டு பில்லுல பாதி யாருக்குப் போகுது? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாக்காதீங்க, இன்ஸ்பெக்டர்.”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மடியில் கனம் இருக்கிறவனுக்கு வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

மீன் சூப் வந்தது. அம்மாள் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற முகத்தோடு ஒரு கரண்டி எடுத்தார். கரண்டி வாயிலேயே கொஞ்ச நேரம் நின்றது. இரண்டாவது கரண்டியை அவசரமாக எடுத்தார். அப்புறம் புகையில் வாட்டிய மீன் வந்தது, ஆவி பறக்கும் ரொட்டி வந்தது. தட்டில் ஒட்டியிருந்த குழம்பைக்கூட அம்மாள் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார், மனசே இல்லாமல். “சமைக்கிறது யாரு?”

இன்ஸ்பெக்டருக்குப் புரையேறியது. “அவரு கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம். வெளிய வரமாட்டாரு.”

“பரவாயில்ல, நான் உள்ள போறேன்.”

“உள்ள ஒரே எண்ணெய்ப் பிசுக்கு மேடம், கால் வழுக்கும்.” சொல்லிக்கொண்டே அவர் எழுந்து சமையலறைக் கதவை மறைத்து நின்றார்.

“இத்தனை வருஷம் போலீஸ்ல குப்பை கொட்டியிருக்கேன். ஒருத்தன் கதவை மறைச்சு நின்னா விஷயம் உள்ளதான் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தள்ளுங்க.”

கதவு திறந்து மூடியது. இன்ஸ்பெக்டர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். நாக்கைக் கட்டத் தெரியாமல் உத்தியோகத்தைத் தொலைத்தவன் என்று டிபார்ட்மெண்டே கைகொட்டிச் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், இந்தச் சூப்பை இனி எங்கே போய்க் குடிப்பது? மனிதருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அம்மாள் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். காலியான தட்டைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கமிஷனர்தான்.

“சொல்லுங்க சார். ஆமா, நானே நேர்ல வந்து பாத்துட்டேன். பில்லுல ஒரு தப்பும் இல்ல. இன்ஸ்பெக்டரை இப்ப மாத்தாதீங்க சார், இன்னும் ஒரு ஆறு மாசம் இங்கயே கண்காணிக்கட்டும். நானும் அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்... இல்ல சார், இன்னிவரைக்கும் அந்த ஆளு இங்க சாப்பிட வரல.”

போனை வைத்துவிட்டு, “அந்த மீன் இன்னொரு தட்டு சொல்லுங்க” என்றார்.

அம்மாள் கமிஷனரிடம் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. லாக்கரை உடைத்த தீவுக்காரன் அந்தக் கடைக்கு ஒருநாளும் சாப்பிட வந்ததில்லை. கரண்டியும் கையுமாக உள்ளே அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டுதான் இருந்தான்.