பில்லிங் அக்காவின் கம்ப்யூட்டர்

மேனேஜர் பில்லிங் அக்காவை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவைச் சாத்தினால் ஆள் காலி. அது அந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் இப்படித்தான் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் கிரிக்கெட் பார்த்தாராம். வெளியே வந்தவர் டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அவன் தன் சீட்டிலிருந்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. மேனேஜர் தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி, எதையோ விரலால் தொட்டுக் காட்டினார்.

எதைக் காட்டுகிறார் என்று அவனுக்குத் தெரியும். அது அக்கா பார்த்ததல்ல. அவன் பார்த்தது.

புதிதாக ஏதோ மென்பொருள் போட்டிருந்தார்கள். யார் திரையில் என்ன ஓடினாலும் சத்தமில்லாமல் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பிவிடும். செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து தேடவோ அவனுக்கு மனசு வரவில்லை. அக்காவுடையது ஆபீசிலேயே பழைய கம்ப்யூட்டர். ஒரு பக்கம் திறப்பதற்குள் முனகித் தீர்த்துவிடும். இதையெல்லாமா கண்காணிக்கப் போகிறார்கள் என்று நினைத்தான். போன வாரம் அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் நாற்காலியில் உட்கார்ந்து தேடிவிட்டான். எழுந்திருக்கும் முன் தேடிய தடத்தை அழித்தான். படம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யார் கண்டது?

"சீரியல் பாத்திருப்பாங்க" என்றார் பக்கத்து சீட் ஸ்டோர்ஸ்காரர். "மாமியாரை மருமக என்ன பண்ணினாள்னு தெரியாம அவங்களுக்குச் சோறு இறங்காதே!"

நாலு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த வாயை அப்படியே பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வயதில், இந்த வேலையும் போனால், வேறு எங்கே போய் நிற்பாள்?

எழுந்தான். உள்ளே போய் 'அது நான்தான் சார்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

முடியாது. அடுத்து, 'எதுக்குப் பாத்தே?' என்று கேட்பார். அதற்கு வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னாள். கெஞ்சுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. யாரிடமும் ஒரு நாள் லீவுகூடக் கெஞ்சிக் கேட்காதவள்.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. மறுபடி எழுந்து, இந்த முறை கதவு வரைக்கும் போய்விட்டான். கைப்பிடியைத் தொடுவதற்குள் கதவு திறந்தது.

அக்காவின் கண் சிவந்திருந்தது. அவன் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர் மெஷின் பக்கம் கூட்டிப்போனாள்.

"எல்லாம் என்னாலதான்க்கா. நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"பேசாம இரு. நான்தான் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப உங்க வேலை?"

"வேலையெல்லாம் ஒண்ணும் போகலை." குரலைத் தாழ்த்தினாள். "சாருக்கு ஒரு பொண்ணு இருக்காம்டா."

அவனுக்குப் புரியவில்லை. மேனேஜருக்கு ஒரே மகன் என்றுதான் ஆபீஸ் முழுக்கத் தெரியும். அவர் மேஜைமேல் இருக்கிற குடும்பப் படத்திலும் மூன்று பேர்தான்.

"கல்யாண வயசு தாண்டிடுச்சாம். இன்னும் சட்டைக்குப் பட்டன் அவர்தான் போட்டுவிடணுமாம். வெளியில ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையாம். தேடிப் பாக்கலாம்னு உக்காந்தா கை வரமாட்டேங்குதாம். என் பேர்ல வந்த படத்தைப் பாத்ததும், நமக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்குன்னு தோணுச்சாம்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அந்த மாதிரிப் பிள்ளைங்களை விடறதுக்கு எது நல்ல இடம்னு கேக்கறார்டா. அதிகாரமா இல்லை. பக்கத்து வீட்டு மனுஷன் மாதிரி கேக்கறார்."

அவன் தரையைப் பார்த்தான்.

"உங்கண்ணனுக்குத்தானே நீ தேடினே? படத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எது நல்ல இடம்? சொல்லு, நான் அவர்கிட்ட சொல்லணும்."

அவன் ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தான்.

அன்று காலையில்தான் அண்ணனைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தான்.

அழுவார், காலைக் கட்டிக்கொள்வார் என்று பயந்து, உனக்கும் ஆபீஸ் கிடைச்சிருக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். அண்ணன் அழவேயில்லை. கேட்டதும் மகிழ்ந்துபோய், தலையை வழித்து வாரிக்கொண்டு, தம்பியின் சட்டைகளில் நல்லதாக ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு, தெரு முழுக்க அவனுக்கு முன்னால் நடந்தார். அங்கே இருந்த அம்மாளுக்குக் கை தூக்கி வணக்கம் சொன்னார். காட்டிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவன் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எனக்கு எத்தனை மணிக்கு ஆபீஸ் விடும்?"