இடது கைச் சவரம்

படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது.

தப்பு பத்திரிகையுடையது அல்ல. மகளுடையது. வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் இருட்டறையில் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறாள். அவசரம். பாஸ்போர்ட் படம் எடுத்தே காலம் போய்விடுமோ என்ற பயத்தில் வார இதழுக்கு அனுப்பிய முதல் படம். அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள்.

தெருமுனை சலூன்காரர் ஒரு பெரியவருக்குச் சவரம் செய்கிறார். கத்தி இடது கையில். ‘இடது கையின் லாவகம்’ என்று தலைப்பு வேறு.

சலூன்காரர் பிறவி வலது கைக்காரர்.

கண்டுபிடித்தது அப்பா. அம்மா, பேப்பர் கடையில் இருந்த பிரதிகளையெல்லாம் அள்ளி வந்து, நாத்தனாருக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒன்றை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“சட்டைப் பை வலது பக்கம் இருக்கு.”

“அதனால?”

“எனக்கு வாராவாரம் வலது கையாலதானே பண்றார்? நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கா உன் பொண்ணு.”

பத்திரிகையை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தார்.

“பெத்த பொண்ணு பேர் அச்சுல வந்திருக்கு. ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாய் தேய்ஞ்சிடுமா?”

“தப்பைத் தப்புன்னுதான் சொல்ல முடியும்.”

மகள் பிரதிகளைப் பிடுங்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை. “எந்தக் கையா இருந்தா என்னடி? பெரியவர் கன்னம் வழவழன்னு இருக்குல்ல?”

அதோடு போயிருக்கும். எடிட்டர் ஸ்டூடியோவுக்குப் போன் செய்துவிட்டார்.

“அந்த இடது கைக்காரரை நானே பார்க்கணும்மா. அடுத்த மாசம் அந்தப் பக்கம் வர்றேன். என் கண் முன்னாடி இன்னும் நாலு படம் எடுங்க. சரியா வந்தா நம்ம பத்திரிகையிலேயே வேலை.”

“சரிங்க சார்,” என்று மகள் போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அழுதாள். “உண்மையைச் சொல்லிடறேம்மா.”

“வீடு தேடி வர்ற வேலையை வேண்டாம்பியா? பேசாம இரு.”

“நெகட்டிவ்ல எது முன்பக்கம்னு தெரியாதவளுக்கு எவன் வேலை கொடுப்பான்?” என்றார் அப்பா. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“மனுஷனா இது!” என்று அம்மா வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

மகள் சலூனுக்குப் போனாள். “என்னை மன்னிச்சிடுங்க மாமா. என்னால உங்களுக்குத்தான் கேலி.”

“கேலியா? நேத்து ஒருத்தன், எந்தக் கையால வெட்டுவீங்கன்னு கேட்டுட்டு எதிர்க்கடைக்குப் போயிட்டான்.” தலை நிமிரவில்லை அவர். “போம்மா. வேலை கிடக்கு.”

அப்பாவின் வீம்பு அதற்கு மேல். படம் வந்ததிலிருந்து சலூனுக்கே போவதில்லை என்றார். தானே சவரம் செய்துகொள்கிறாராம். முகமெல்லாம் கீறல்.

“யார் மேல கோபம் உங்களுக்கு? சலூன்காரர் மேலயா, பொண்ணு மேலயா?” என்று அம்மா கேட்டாள்.

“பிளேடு மேல.”

எடிட்டர் வரும் நாள் வந்தது. அம்மா முதல் ஆளாகக் கிளம்பி நின்றாள்.

“அப்பா வரலையா?”

“அவரா? சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கார். கூப்பிட்டா ‘ம்’ங்கிறார். நீ வா.”

எடிட்டர் ரயில் பயணத்தில் வளர்ந்த தாடியோடு சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கே பண்ணிடுங்க. அப்பத்தான் நம்பிக்கையா எழுதலாம்.”

மகளுக்குத் தாங்கவில்லை. “சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் படம்...”

“தள்ளி நில்லும்மா, வெளிச்சத்தை மறைக்காதே,” என்றார் சலூன்காரர்.

கத்தியை எடுத்தார். இடது கையில்.

காதோரம் வைத்தார். தாடை வரை ஒரே இழுப்பு. நுரையோடு தாடி வந்தது.

மகள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். கேமரா ஆடியது. கத்தி ஆடவில்லை.

எடிட்டர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். “பட்டு மாதிரி இருக்குய்யா!” மகள் பக்கம் திரும்பினார். “வர்ற திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க.”

அவர் ஏறிய ஆட்டோ கிளம்பியதும் மகள் மெதுவாகக் கேட்டாள். “எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே மாமா?”

“என்ன பொய்? இப்ப நான் ரெண்டு கைக்காரன். எதிர்க்கடைக்குப் போனவனைக் கூப்பிடு, அவன் கேட்ட கையால வெட்டி விடறேன்.”

“எப்படிப் பழகினீங்க?”

“பலூனை ஊதி, சோப்பைத் தடவிப் பழகினேன். எல்லாம் வெடிச்சுது. இது நமக்கு ஆகாதுன்னு விட்டுட்டேன். ஒருத்தர் விடலை. பழகுப்பான்னு வந்து கேட்டதே அவர்தான். மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வருவார். நாற்காலியில உட்கார்ந்து, ‘இடது கையில எடுப்பா’ம்பார். வெட்டிடும். நான் கத்தியைக் கீழே வெச்சிடுவேன். அவர் ரத்தத்தைத் துடைச்சிக்கிட்டு, ‘இந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கே’ம்பார்.”

அம்மா மூக்கை உறிஞ்சினாள். “யாருங்க அந்தப் புண்ணியவான்? எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே!”

“சொல்லக் கூடாதுன்னு உத்தரவு,” என்று சலூன்காரர் கத்தியைத் துடைத்து மடித்தார்.

பிறகு அவருக்கே பொறுக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர்தாம்மா.”